வங்கக் கடல் வண்டலும் சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய மழையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பெய்யும் மழை இரண்டு வழிகளில் வங்கக் கடலைச் சேர்கிறது. சேர்வராயன் மலைச் சரிவில் பிறந்து சேலம் நகரத்தின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டத்து நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. சரபங்கா நதியும் காவிரியையே அடைகிறது. கிழக்குப் பக்கத்து மழைக்கு வேறு வழி. ஆத்தூரைத் தொட்டுச் செல்லும் வசிஷ்ட நதியும், தம்மம்பட்டி வழியே வரும் சுவேத நதியும் ஒன்றுகூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகின்றன. (1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பகுதியின் இரும்புக் கனிமத்தை நம்பி உருக்காலை தொடங்கியதும் இதே பரங்கிப்பேட்டையில்தான்.)

தண்ணீரோடு மண்ணும் போகிறது. மண்ணோடு மகரந்தம், காட்டுத்தீயின் கரித்தூள், இலைகளின் மேல் படிந்திருந்த மெழுகு ஆகியவையும் போகின்றன. கடலுக்குள் சென்றதும் ஆற்றின் வேகம் குறைய, இவை மெல்லக் கீழே இறங்கிப் படிகின்றன. ஒவ்வோர் ஆண்டின் படிவும் முந்தைய ஆண்டின் படிவுக்கு மேல் அமர்கிறது. கீழே போகப்போக காலம் பின்னோக்கிச் செல்லும். கடலடி வண்டலிலிருந்து பழங்காலத் தட்பவெப்பத்தை மீட்டெடுக்கும் ஆய்வு முழுவதும் இந்த எளிய உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இந்தச் சமவெளிக்கு அத்தகைய ஆய்வு தேவைப்படுவதற்குக் காரணம், எழுத்துச் சான்றுகளின் வயது மிகக் குறைவு என்பதே. சென்னை வானாய்வகத்தின் மழைக் கணக்கு 1813இல் தொடங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் நிறுவப்பட்டது. சேலம் மாவட்டத்தைப் பற்றி லெ ஃபனு தொகுத்த கையேடு 1883இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய காலத்துக்குக் கல்வெட்டுகள் உண்டு. ஆனால் கல்வெட்டு ஏரியைச் சொல்லும், மதகைச் சொல்லும், யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லும். அந்த ஆண்டு எத்தனை அங்குலம் மழை பெய்தது என்று சொல்லாது. நானூறு அல்லது நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் இன்றைவிட ஈரமாக இருந்ததா, வறண்டிருந்ததா என்று கேட்டால், கடலிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

வண்டலை வாசிக்கக் கற்றுக்கொண்டது

கடலடி மண்ணை உலகளவில் முதலில் முறையாகச் சேகரித்தது 1872 முதல் 1876 வரை பயணம் செய்த பிரிட்டிஷ் கப்பல் சேலஞ்சர். ஆழ்கடல் படிவுகள் பற்றி அப்பயணத்தின் அறிக்கையாக ஜான் மர்ரேயும் அல்போன்ஸ் ரெனாரும் எழுதிய தொகுதி 1891இல் வந்தது. ஆனால் அக்கப்பல் அள்ளியது பெரும்பாலும் மேல்மண். ஆழத்துக்குள் குழாயை இறக்கி, அடுக்கு கலையாமல் வெளியே எடுப்பது பிற்காலத்து வித்தை. 1925-27இல் ஜெர்மானியக் கப்பல் மீட்டியார் அட்லாண்டிக்கில் எடுத்த குட்டையான உருளைகளை வைத்து, வொல்ஃப்காங் ஷாட் 1935இல் ஒன்றைக் காட்டினார். வெப்ப நீரை விரும்பும் ஒரு நுண்ணுயிரின் ஓடு மேலடுக்கில் இருக்கிறது, அதற்குக் கீழே காணாமல் போகிறது, இன்னும் கீழே மீண்டும் தென்படுகிறது. நடுவில் ஓடு இல்லாத அடுக்கே பனியுகம்.

ஸ்வீடனைச் சேர்ந்த குல்லன்பர்க் 1940களில் உருவாக்கிய உந்துதண்டுக் குழாய் நிலைமையை மாற்றியது. குழாய் மண்ணுக்குள் இறங்கும்போது உள்ளே ஓர் உந்துதண்டு வெற்றிடத்தை உண்டாக்குவதால், மண் நசுங்காமல் பல மீட்டர் நீளத்துக்கு உள்ளே ஏறுகிறது. ஊசிக்குழலில் மருந்து இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

குழாயில் வரும் சேற்றைச் சல்லடையில் கழுவினால் மணல் போன்ற சிறு துகள்கள் மிஞ்சும். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை மணல் அல்ல, ஓடுகள் என்று தெரியும். ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு ஓடுகள் அவை. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடலின் மேற்பரப்பில் வாழ்ந்து, இறந்தபின் அடியில் விழுந்தவையும் அவற்றில் உண்டு. ஓட்டைக் கட்டும்போது அவ்வுயிர் தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜனில் எடை குறைந்த 16 என்ற வகையும், சற்றே கனமான 18 என்ற வகையும் உண்டு. எது எந்த விகிதத்தில் ஓட்டில் சேர்கிறது என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது என்பதை ஹெரால்ட் யூரி 1947இல் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயின்ற செசாரே எமிலியானி 1955இல் கடலடி உருளைகளில் இதை அளந்து, பனியுகங்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, பல முறை வந்துபோனதைக் காட்டினார்.

ஓட்டிலுள்ள ஆக்சிஜன் வெப்பத்தை மட்டும் பதிவு செய்வதில்லை. கடல் நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஆக்சிஜன் உள்ள நீரே எளிதில் மேலே போகிறது. ஆகவே மழைநீரும் ஆற்று நீரும் கடல் நீரைவிட 'இலேசானவை'. அந்த இலேசான நீர் துருவங்களில் பனிக்கட்டியாகத் தேங்கிவிட்டால் கடல் முழுவதும் 'கனமாகும்'. நிக்கோலஸ் ஷேக்கிள்டன் 1967இல் இதை வலியுறுத்தினார். வங்கக் கடலைப் பொறுத்தவரை மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. நல்ல பருவமழை பெய்தால் ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் கடலின் மேற்பரப்பை இலேசாக்கும். மழை பொய்த்தால் உப்பு கூடும், ஓடும் கனமாகும். எனவே பனிக்கட்டியின் பங்கையும் வெப்பத்தின் பங்கையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மழையின் கணக்கு. வெப்பத்தைத் தனியே அறிய, அதே ஓட்டில் மக்னீசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அளக்கிறார்கள்.

வயதைக் கணிப்பது கதிரியக்கக் கார்பன் முறை. லிபியும் அவருடைய குழுவினரும் 1940களின் இறுதியில் உருவாக்கிய இந்த முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை செல்லும். கடல் ஓடுகளுக்கு ஒரு கழிவு போட வேண்டும். கடல் நீரில் கரைந்துள்ள கார்பனே ஏற்கெனவே சில நூறு ஆண்டு வயதானது என்பதால், நேற்று இறந்த சிப்பியும் நானூறு ஆண்டுப் பழையது போலக் காட்டும்.

1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரையை இத்துறையின் திருப்புமுனை என்பார்கள். பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சின் சாய்விலும் ஏற்படும் மாற்றங்களின் தாளத்துக்கு ஏற்பவே பனியுகங்கள் வந்துபோகின்றன என்று நான்கரை லட்சம் ஆண்டுப் பதிவிலிருந்து அவர்கள் நிறுவினார்கள். அதற்குப் பயன்பட்ட உருளைகள் அட்லாண்டிக்கில் எடுக்கப்பட்டவை அல்ல. அவை தெற்கு இந்தியப் பெருங்கடலில் எடுக்கப்பட்டவை.

பனியுகத்தில் பருவக்காற்று

வட இந்தியப் பெருங்கடலுக்கு இதே முறையைப் பயன்படுத்தியவர் பிரான்சைச் சேர்ந்த ழான் கிளோட் டுப்ளெசி. 1982இல் அவர் வெளியிட்ட முடிவு, பனியுகத்தின் உச்சத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இன்றைவிட வலு குன்றியிருந்தது, வடகிழக்குப் பருவக்காற்று வலுத்திருந்தது என்பது. ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் சர்க்கார், ரமேஷ், பட்டாச்சார்யா ஆகியோர் ராஜகோபாலனுடன் சேர்ந்து 1990இல் அரபிக் கடல் உருளைகளிலிருந்து இதற்கு ஆதரவான சான்றைத் தந்தார்கள். குளிர்காலத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடலுக்குள் நுழைகிறது. பனியுகத்தில் அந்த நீரோட்டம் இன்னும் வலுவாக இருந்தது என்பது அவர்களது கண்டுபிடிப்பு.

அந்நாளில் நிலமும் வேறாக இருந்தது. கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால் பாக் நீரிணை தரையாக இருந்தது. காவிரி இன்றைய பூம்புகாரைத் தாண்டி, இப்போது நீருக்கடியில் இருக்கும் நிலத்தின் மேல் ஓடிக் கடலில் விழுந்தது.

நம் பகுதிக்கு மிக அருகில் கிடைத்த சான்று கடலிலிருந்து வந்ததல்ல. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் தாவரங்கள் முழுதும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து கரிய மண்ணாகியிருக்கின்றன. சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் 1993இல் அந்த மண்ணின் கார்பனை அளந்து வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் அங்கே வறட்சியைத் தாங்கும் புல் ஓங்கியிருந்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் மிகுந்திருந்தது. சேர்வராயன், கொல்லிமலைகளில் நின்று பார்த்தால் மேற்கே உள்ள அடுத்த பெரிய மலைத்தொடர் அது. கடல் சொன்னதை மலையும் சொன்னதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

9,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஈரத்துக்குக் காரணம் வானியல். இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். அன்று அது வடகோளத்தின் கோடைக்காலத்தில் நிகழ்ந்தது. கோடை வெயில் இன்றைவிட ஏழெட்டு விழுக்காடு அதிகம். ஆசிய நிலப்பரப்பு கூடுதலாகச் சூடேறியது. கடலிலிருந்து ஈரக்காற்றைக் கூடுதலாக இழுத்தது. அதன்பின் அந்த நிலை மெல்ல மாற, பருவமழையும் மெல்லத் தளர்ந்தது. 2003இல் குப்தா, ஆண்டர்சன், ஓவர்பெக் ஆகியோர் ஓமன் கரையோர உருளையிலிருந்து இந்தத் தளர்ச்சியைக் காட்டினார்கள். அது ஒரே சீராக நடக்கவில்லை, இடையிடையே சறுக்கல்கள் இருந்தன, அச்சறுக்கல்கள் வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களோடு பொருந்துகின்றன என்றும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அளந்தது காற்றின் வலுவை. காற்று வலுத்தால் ஓமன் கரையில் அடிநீர் மேலெழும், அந்தக் குளிர்ந்த நீரில் பெருகும் ஓர் உயிரின் ஓடுகள் கூடும். மழை எங்கே எவ்வளவு பெய்தது என்பது வேறு கேள்வி.

கோதாவரி முகத்துவாரத்து உருளை

மழையையே பதிவு செய்த வண்டல் வேண்டுமென்றால், தீபகற்பத்தின் ஆறுகள் விழும் கிழக்குக் கரைக்கு வர வேண்டும். அப்படி ஒன்று, வேறொரு வேலைக்குப் போன கப்பலால் கிடைத்தது. 2006இல் இந்திய அரசின் எரிவாயு ஹைட்ரேட் திட்டத்துக்காக ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் இந்தியக் கடல்களில் சில மாதங்கள் பணியாற்றியது. தேடியது எரிபொருளை: கடலடியில் பனிக்கட்டி போல உறைந்திருக்கும் மீத்தேனை. ஆந்திரக் கரைக்கு அப்பால், 1,200 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், கோதாவரி முகத்துவாரத்துக்கு எதிரே எடுத்த 16ஏ என்ற உருளையின் மேற்பகுதியில் கடந்த பதினோராயிரம் ஆண்டுகளின் வண்டல் ஏறத்தாழ 8.5 மீட்டர் தடிப்புக்கு இருந்தது. ஆழ்கடலின் நடுவில் அதே காலத்துக்குச் சில பத்து சென்டிமீட்டர் கூடத் தேறாது.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் கமிலோ பாண்டன், லிவியு ஜோசன் ஆகியோர் தொல்தாவரவியலாளர் டோரியன் ஃபுல்லர் உள்ளிட்டோருடன் இந்த உருளையை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு அளவைகளை அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, ஓடுகளின் ஆக்சிஜன். அது கடலின் உப்பைச் சொல்லும். மற்றொன்று, இலை மெழுகின் கார்பன்; அது ஆற்றுப்படுகையில் எந்த வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று சொல்லும்.

இலை மெழுகு என்ன சொல்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். மரங்கள், புதர்கள், நெல், பயறு வகைகள் ஆகியவை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறையைத் தாவரவியலில் சி-3 என்பார்கள். வெயிலையும் வறட்சியையும் தாங்கும் வெப்பமண்டலப் புற்கள் பலவும் சி-4 முறையைக் கையாளுகின்றன. சி-4 தாவரங்களில் கனமான கார்பன்-13இன் பங்கு கூடுதல். இலை மக்கிப்போன பிறகும் அதன் மெழுகு கெடாமல் மண்ணோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. வண்டலில் உள்ள மெழுகின் கார்பன் கனமானால், ஆற்றுப்படுகையில் புல்வெளி பெருகிக் காடு சுருங்கியது என்று பொருள்.

கோதாவரி உருளை சொன்னது இது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வறட்சி தாங்கும் தாவரங்கள் படிப்படியாகக் கூடின. 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை அந்த ஏற்றம் தொடர்ந்தது. அதன்பின் அவை குறையவே இல்லை. கடந்த 3,000 ஆண்டுகளில், அதிலும் 1,700 ஆண்டுகளுக்குப் பின், கடலின் உப்பு முன் எப்போதும் இல்லாத அளவுக்குத் திடீர் திடீரென ஏறி இறங்கியது. அதாவது நிலம் மெல்ல வறண்டது மட்டுமல்ல, மழையின் நம்பகமும் குறைந்தது. நன்றாகப் பெய்த பல பத்தாண்டுகளை அடுத்து மோசமான பல பத்தாண்டுகள் வரத் தொடங்கின.

கோதாவரி நம் ஆறு அல்ல. அதன் நீர்ப்பிடிப்பு மகாராஷ்டிரத்திலிருந்து ஒடிசா எல்லை வரை பரந்து கிடப்பது. ஆனாலும் அந்த ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையின் முடிவில் தென்னிந்தியாவைத் தொட்டார்கள். தீபகற்பம் வறளத் தொடங்கிய பிறகுதான் இங்கே நிலைத்த வேளாண்மை வேரூன்றியது. மழை நிலையற்றுப்போன கடந்த 1,700 ஆண்டுகளில்தான் நீரைத் தேக்கும் அமைப்புகள் தென்னிந்தியாவில் வேகமாகப் பெருகியிருக்கக்கூடும் என்றார்கள். ஏரிகளைப் பற்றிய பேச்சு அது. சேலத்தையும் நாமக்கல்லையும் நேரடியாகத் தொடும் பேச்சு.

பல்லவர் காலத்து மகேந்திர தடாகம், கூரத்துப் பரமேசுவர தடாகம் ஆகியவை 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆக, காலக்கணக்கு ஒருவாறு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் காலம் பொருந்துவதும் காரணமாவதும் ஒன்றல்ல. ஏரி வெட்ட மழை பொய்த்தால் மட்டும் போதாது. மண் வெட்ட இரும்புக் கருவி வேண்டும், கூலி கொடுக்க நெல் வேண்டும், மதகைப் பராமரிக்க ஊர்ச்சபை வேண்டும், வரி வசூலிக்கும் அரசு வேண்டும். இவை எல்லாம் வறட்சியால் உண்டானவை என்று சொல்ல முடியாது. அரசு விரிந்தபோது நெல் நிலமும் ஏரியும் விரிந்தன என்றும் ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கும் சான்றுகள் உண்டு. என் கருத்தில், வண்டல் ஏரியின் தேவையை விளக்குகிறது, ஏரியை விளக்கவில்லை.

தேவை இந்தச் சமவெளியில் மற்ற இடங்களைவிடக் கூடுதல். சேலம், நாமக்கல் நிலத்தின் அடியில் இருப்பது பழைய கடினப்பாறை. டெல்டாவின் மணலைப் போல அது நீரைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. வெடிப்புகளில் மட்டும் கொஞ்சம் தேங்கும். பெய்த நீரைத் தரைமேல் தேக்கினால்தான் கோடைக்குக் கிணற்றில் ஊற்று இருக்கும்.

இரும்பைப் பற்றி ஒரு சொல். பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த மயிலாடும்பாறையில் (இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்) கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் அறிவித்தது. மேட்டூருக்கு அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்புப் பொருளின் காலமும் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதி எனக் கணிக்கப்பட்டுள்ளது. கோதாவரி வண்டல் வறட்சியின் தொடக்கம் என்று காட்டும் காலத்தை ஒட்டியே இவை வருகின்றன. இரண்டையும் முடிச்சுப் போடும் ஆசை எழும்; இப்போதைக்கு அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

மழையா, மனிதனா

மெழுகுச் சான்றில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதைச் சேலத்துப் புன்செய்க் காட்டில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு எல்லாமே சி-4 தாவரங்கள். மழை குறைந்து காடு தானாகவே புல்வெளியானாலும் வண்டலில் கார்பன் கனமாகும். மழை குறையாமலே உழவர் காட்டை வெட்டிச் சோளம் விதைத்தாலும் அதே கார்பன் அதே அளவுக்குக் கனமாகும். கடலடிச் சேற்றுக்குக் காட்டுப்புல்லும் ஒன்று, கம்பங்கொல்லையும் ஒன்று.

இதைப் பிரித்தறியப் பல சான்றுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். உப்பின் அளவை உழவர் மாற்ற முடியாது. எனவே மெழுகும் உப்பும் ஒரே நேரத்தில் மாறினால் மழையே காரணம் என்று ஓரளவு நம்பலாம். மெழுகு மட்டும் மாறினால் மண்வெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். ஜோசனும் பிறரும் 2017இல் அதே கோதாவரி உருளைக்குத் திரும்பி, மண் அரிப்பைப் பார்த்தார்கள். பாறையின் வேதியியல் கைரேகையைக் கொண்டு எந்த மண் எங்கிருந்து வந்தது என்று அறியலாம். தக்காணத்துக் கரும்பாறை மண் வேறு, பழைய நைஸ் பாறை மண் வேறு. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் அரிப்பு பெருமளவு கூடியிருப்பது தெரிந்தது. நிலம் வறண்டதும் உழவு பெருகியதும் சேர்ந்தே மண்ணைக் கரைத்தன என்பது அவர்கள் முடிவு.

தாது வருஷம் வண்டலில் தெரியுமா?

சேலம் வட்டாரத்தில் மழை பொய்த்த கதையைக் கேட்டால் வயதானவர்கள் இன்றும் சொல்லும் பெயர் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். 1881இல் 16 லட்சம்கூட நிறையவில்லை. இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் பிறக்காமல் போனவர்களும் இந்த வித்தியாசத்தில் அடக்கம்.

இத்தனை பெரிய துயரம் கடலடியில் எப்படித் தெரியும்? கோதாவரி உருளையின் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். 11,000 ஆண்டுகளுக்கு 8.5 மீட்டர் என்றால் ஆண்டுக்கு முக்கால் மில்லிமீட்டர். இரண்டு ஆண்டுப் பஞ்சத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வண்டல். அதுவும் அப்படியே கிடக்காது. புழுக்களும் பிற உயிர்களும் கடலடியின் மேல்மண்ணைப் பல சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நூற்றாண்டின் மண் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். தாது வருஷத்தை அந்தச் சேற்றில் தனியே பிரித்தெடுக்க முடியாது.

புழு வாழ முடியாத, ஆக்சிஜன் மிகக் குறைந்த கடலடிகள் சில உண்டு. கராச்சிக்கு அப்பால் உள்ள சரிவில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு வீதம், மரத்தின் வளையம் போல, கலையாமல் படிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடலில் விழுவது சிந்து நதி மண். காவிரி மண் அல்ல.

ஆகவே கடல் வண்டல் நினைவில் வைத்திருப்பது பஞ்சங்களை அல்ல, பஞ்சங்கள் அடிக்கடி வரும் காலங்களை. உப்பு ஏறி இறங்கிய ஒரு நூற்றாண்டு வண்டலில் தென்பட்டால், அதற்குள் பெயர் தெரியாத எத்தனையோ தாது வருஷங்கள் இருந்திருக்கலாம். இதனால் ஒரு முக்கியமான கேள்விக்கு விடை மாறுகிறது. 1876ஐ எப்போதோ ஒருமுறை நேரும் விதிவிலக்காகப் பார்ப்பது வழக்கம். கடந்த 1,700 ஆண்டுகளின் வண்டலைப் பார்த்தால், அந்த அளவு மழைக்குறைவு இந்தத் தீபகற்பத்தின் இயல்புக்குள் அடங்கியதுதான் என்று தோன்றுகிறது. மழைக்குறைவு பஞ்சமாக மாறியதற்கு வரியும் தானிய ஏற்றுமதியும் நிவாரணக் கஞ்சித்தொட்டியின் அளவும் காரணம். அதைச் சேற்றில் தேடக் கூடாது, ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

ஐப்பசி மழையின் கணக்கு

இதுவரை சொன்னவை பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையின் கதை. கோதாவரிப் படுகைக்கு அதுவே மழை. சேலம், நாமக்கல் சமவெளி இரண்டு பருவத்தையும் நம்பியிருப்பது. ஆடி, ஆவணி, புரட்டாசியில் தென்மேற்குப் பருவத்தின் இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஒன்று தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே இங்கத்து மானாவாரி உழவின் அடிப்படை.

இரண்டு பருவங்களும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. பசிபிக்கில் எல் நினோ தோன்றும் ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைய வாய்ப்பு அதிகம். அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடும். அப்படியானால் கோதாவரி வண்டல் 'வறட்சி' என்று காட்டும் ஒரு நூற்றாண்டு, நாமக்கல்லுக்கு அவ்வளவு மோசமாக இல்லாமல் போயிருக்கலாம். நேர்மாறாகவும் நடந்திருக்கலாம். பனியுகத்தில் வடகிழக்குக் காற்று வலுத்திருந்தது என்ற டுப்ளெசியின் முடிவையும் ஐப்பசி மழை கொட்டியது என்று படித்துவிடக் கூடாது. கடல் குளிர்ந்திருந்தால் ஆவி குறைவு; காற்று வலுத்தாலும் அது சுமந்து வரும் ஈரம் குறைவாக இருக்கும்.

2014 நவம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை அதே ஜாய்டிஸ் ரெசல்யூஷன், இம்முறை பருவமழை வரலாற்றுக்காகவே, வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் துளையிட்டது. மகாநதிக்கு எதிரே எடுத்த யு1446 தளத்து உருளையிலிருந்து ஒன்பது லட்சம் ஆண்டுகளின் மழைப் பதிவை ஸ்டீவன் கிளெமென்ஸ் குழுவினர் 2021இல் வெளியிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிய காலங்களில், துருவப் பனி குறைந்த காலங்களில், தெற்கிலிருந்து வரும் ஈரம் மிகுந்த காலங்களில் கோடை மழை கூடியிருக்கிறது என்பது அதன் சாரம். வரும் காலத்தில் பருவமழை கூடும் என்ற கணினிக் கணிப்புகளுக்கு அது துணை நிற்கிறது. அதுவும் கோடை மழை பற்றியதே. இந்தியப் பெருங்கடலில் இத்திட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட உருளைகள் நெடுக்காக இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி ஆய்வுக்கும் மறுபாதி பாதுகாப்புக்குமாகக் கோச்சி நகரில் குளிரூட்டி வைக்கப்பட்டுள்ளன. அது கேரளத்துக் கொச்சி அல்ல, ஜப்பானில் உள்ள கோச்சி.

இப்போது படியும் மண்

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து, மேல் காவிரியின் வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் அணைக்குக் கீழே கலப்பதால், கடலுக்குப் போகும் கொஞ்சநஞ்ச மண்ணில் சேலம், நாமக்கல் மண்ணின் பங்கு முன்பைவிடக் கூடியிருக்க வேண்டும்.

அந்த மண்ணோடு போகும் மெழுகு பிற்காலத்து ஆய்வாளரைத் திணறடிக்கப் போகிறது. மோகனூர்ப் பக்கத்துக் கரும்பு சி-4. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்கு விளையும் மக்காச்சோளமும் சி-4. ஆனால் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காகப் புன்செய்க் காடெங்கும் நட்ட மரவள்ளி சி-3. கம்பும் சோளமும் விளைந்த வறண்ட மேட்டில் மரவள்ளி வந்தால், வண்டலில் அது காடு திரும்பி மழை பெருகிய காலம் போலத் தெரியும். மறுபுறம், வாய்க்கால் நீர் பாயும் கரும்புத் தோட்டம் வறண்ட புல்வெளி போலத் தெரியும்.